விடுதிக்காரியின் தீர்மானம்

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் நான், வாசித்த ஐரோப்பிய இன்பியல் நாடகங்களுள் மிகவும் சிந்திக்க வைத்தது ‘லா லொக்காண்டியேரா’ ஆகும். ‘விடுதிக்காரி’ என்பது இதன் பொருள். இத்தாலியரான கார்லோ கோல்டோனி (1707–1793) எழுதிய இந்நாடகம் 1753இல் வெனிஸ் நகரில் மேடையேறியது.

அக்கால இத்தாலிய மேடையில் முகமூடி அணிந்த நடிகர்கள், கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வசனங்களை அவ்வப்போது தாமே அமைத்துப் பேசினர். கஞ்சக் கிழவன், தந்திர வேலைக்காரன் எனப் பாத்திரங்களும் மாறாதிருந்தன. கோல்டோனி இதனை மாற்றினார். வசனங்களை முழுமையாக எழுதி, அன்றாட மனிதரை மேடைக்குக் கொண்டுவந்தார். அத்தகைய ஒருத்திதான் மிராண்டொலினா.

புளோரன்ஸ் நகரில், தந்தை விட்டுச்சென்ற விடுதியை அவள் நடத்துகிறாள். அங்கு தங்கும் மூன்று பிரபுக்களும் மூன்று விதம். மார்க்கிஸிடம் பட்டம் உண்டு, பணம் இல்லை. ஆகவே, தன் “பாதுகாப்பை” அவளுக்கு வழங்குவதாகப் பெருமை பேசுகிறார். பணத்தால் பட்டம் வாங்கிய கவுண்ட், வைர நகைகளைப் பரிசளிக்கிறார். கவலியரோ பெண்களையே வெறுப்பவர். அவரது அகந்தையை அடக்க எண்ணிய மிராண்டொலினா, நல்ல உணவாலும் நயமான பேச்சாலும் அவரைக் காதலில் விழச் செய்கிறாள்.

மூன்றாம் அங்கத்தில் அவள் துணிகளுக்கு ஸ்திரிக்கை போடுகிறாள். கவலியர் கொடுத்த தங்கக் குப்பியைத் துணிக்கூடைக்குள் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்கிறாள். பிரபு கெஞ்சுகிறார், உழைப்பவள் நிமிர்ந்து நிற்கிறாள். வர்க்க ஏற்றத்தாழ்வு தலைகீழாவதை இக்காட்சி நீண்ட வசனமின்றியே உணர்த்துகிறது.

ஆனால் விளையாட்டு வினையாகிறது. கவலியரின் காதல் கோபமாக மாறுகிறது, வாள்கள் உருவப்படுகின்றன. தன் மானத்திற்கும் பாதுகாப்பிற்கும் ஆபத்து வந்ததை உணர்ந்த அவள், தந்தை இறக்கும்போது சொன்னபடி, விடுதிப் பணியாளன் பப்ரிசியோவை மணப்பதாக அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கிறாள்.

இது காதலா, கட்டாயமா? என் கருத்தில் இரண்டும் முழு விடையல்ல. பிரபு ஒருவரை மணந்திருந்தால் அவள் சீமாட்டியாகியிருப்பாள். ஆனால் அவர் தயவில் வாழ்ந்திருப்பாள். பப்ரிசியோவுடனோ விடுதியும் தொழிலும் அவள் கையிலேயே இருக்கும். எனவே அது அறிவான தெரிவு. எனினும், திருமணமே வேண்டாம், சுதந்திரமே இன்பம் என்று முதல் அங்கத்தில் கூறியவள் அவள். ஓர் ஆணின் கோபம் அச்சுதந்திரத்தை ஒரே நாளில் முடித்துவைக்கிறது. பிறரது மனத்தோடு விளையாடியது அவளது தவறே. ஆயினும் கதவை உடைக்க முயன்றவருக்கு ஊரைவிட்டுப் போவதே தண்டனை. அவளுக்கோ வாழ்க்கையே மாறிவிடுகிறது.

நகைச்சுவை என்று சிரித்துவிட்டு எழுந்துபோக முடியாதபடி கோல்டோனி நம்மை நிறுத்திவைப்பது இங்கேதான். தொழிலும் அறிவும் உள்ள பெண்ணுக்கும் தன் முடிவைத் தானே எடுக்கப் போதிய அவகாசம் வேண்டும். அவளுக்குக் கிடைக்காதது அந்த அவகாசம்தான்.