மூச்சை அடக்காதீர்கள்!

மூச்சை அடக்கி முத்துக் குளித்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கும் ஸ்கூபாவில் அதே மூச்சை அடக்கினால் ஆளே காலி! காரணம், நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாயில் விதிதான் நண்பர்களே.

கடல் மட்டத்தில் அழுத்தம் 1 அட்மாஸ்ஃபியர். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் ஒன்று கூடும். 10 மீட்டரில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் என்ன பலூனா? கிழிந்துவிடும். முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த காற்றையே கொண்டு போனார். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே வந்தது.

சிலிண்டர் கணக்கும் இதே விதிதான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் வீதம் மேலே 120 நிமிஷம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 40 நிமிஷம்தான். அதிலும் 50 பார் மிச்சம் வைத்தே மேலேற வேண்டும்.

அடுத்தது நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்தில் கரையும். சரசரவென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். சிவில் நண்பர்கள் கேய்சன் படித்திருப்பார்கள். நியூயார்க் புரூக்ளின் பாலத்தின் தலைமை இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-ல் அந்தக் கேய்சனுக்குள் போய்வந்துதான் இந்த நோயில் முடங்கினார். அதனால் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீட்டரில் 3 நிமிஷம் நிற்க வேண்டும்.

எங்கள் தூத்துக்குடியில் ஹோஸ் பைப் கடித்துச் சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைக் கேட்டேன். "முட்டிவலி தொழில்ல சகஜம் தம்பி, தைலம் தேச்சாப் போவும்" என்றார். குமிழி தைலத்துக்கு அடங்குமா? உடனே ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். படகில் ஓடும் கம்ப்ரஸரின் காற்று இழுக்கும் வாய், இன்ஜின் புகைக்குழாய் பக்கம் இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு நேரே நெஞ்சுக்குள் போகும். அதற்கு வாசனையும் கிடையாது. ஒரு நீளக் குழாய் போட்டு அந்த வாயைக் காற்று வரும் பக்கம் திருப்புவது நம் ஒர்க்ஷாப்பில் அரை நாள் வேலை!

ஒரு உபரிச் செய்தி: 1943-ல் கூஸ்தோவுக்கு ஸ்கூபா ரெகுலேட்டர் செய்து கொடுத்த எமில் கான்யானும் இன்ஜினியர்தான். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் காரை கேஸில் ஓட்டச் செய்த வால்வைத்தான் மாற்றி அமைத்தார். மெக்கானிக்கல்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!

மூச்சு சீராக இருந்தால் பவளத்துக்கும் நல்லது. மூச்சை இழுத்தால் உடம்பு லேசாக எழும்பும், விட்டால் தாழும். இந்தக் கட்டுப்பாடு இல்லாதவர் பதறிக் காலை உதைப்பார். காலில் மாட்டிய ஃபின் பட்டு, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும் பாறைப்பவளம் உடையும். 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆனது. பவளங்கள் 2001-ல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தன. ஆகவே கீழே கிடக்கும் உடைந்த துண்டானாலும் ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள், வழக்காகிவிடும்.