தாய்வழித் தடம்

ஒரு குடும்பத்தின் முன்னோரை அறிய விரும்புவோர் முதலில் நாடுவன ஏடுகளே. பிறப்புப் பதிவு, மணப் பதிவு, உயில், கடிதம் ஆகியன அவர்க்கு வழிகாட்டும். ஆயின், அவ்வேடுகள் ஒருவரைப் பற்றிய உண்மையைக் கூறாதுவிடின் யாது செய்வது? சூரத்து நகரில் வாழ்ந்த எலைசா கெவார்க் என்னும் பெண்மணியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்காத்லாந்து நாட்டினரான தியோடர் ஃபோர்ப்ஸ் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியை ஏற்றுச் சூரத்தில் இருந்தார். எலைசா அவருடன் இல்லறம் நடத்தினார். 1812-இல் அவர்களுக்குக் காதரின் என்னும் மகள் பிறந்தாள். சிறுமியாயிருந்தபோதே அவள் தந்தையின் நாட்டிற்கு அனுப்பப்பட்டாள். தாயோ இந்தியாவிலேயே தங்கினார். 1820-இல் ஃபோர்ப்ஸ் கடற்பயணத்தில் உயிர் நீத்தார். அவர்தம் உயிலில் எலைசா மனைவி எனக் குறிக்கப்படவில்லை. வீட்டுப் பணிகளை மேற்பார்க்கும் பெண் என்றே குறிக்கப்பட்டார்.

காதரின் ஸ்காத்லாந்திலேயே மணம் புரிந்து வாழ்ந்தார். அவர் வழியில் வந்தோரிடையே எலைசா ஆர்மீனியர் என்ற செய்தியே நிலவியது. கெவார்க் என்பது ஆர்மீனியப் பெயர். எலைசாவின் கடிதங்களிலும் ஆர்மீனிய எழுத்துக் காணப்படுகின்றது. ஆதலின் அச்செய்தி பொருத்தமாகவே தோன்றிற்று. இந்தியக் குருதி கலந்தோரை வெள்ளையர் சமுதாயம் தாழ்வாக எண்ணிய காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஏடுகள் கூறாததை அறிவியல் கூறிற்று. நம் உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்பகுதி உண்டு. அதிலுள்ள மரபுப் பொருள் தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருவது. மகன் அதனைப் பெறினும் தன் மக்களுக்குத் தருவதில்லை, மகளோ தருகின்றாள். எலைசாவின் தாய்வழியில் வந்த இருவரின் உமிழ்நீரை ஆராய்ந்து கண்ட முடிவு 2013-இல் வெளியாயிற்று. அவர்களிடம் இருந்த மரபுக்கூறு, பெரும்பாலும் தெற்காசிய மக்களிடமே காணப்படுவதாகும். எனவே, எலைசாவின் தந்தைவழி ஆர்மீனியமாக இருந்திருப்பினும், அவர்தம் தாய்வழி இந்தியாவைச் சார்ந்ததே எனத் துணியலாம்.

காதரினின் மகள், அவர்தம் மகள் என வழிவழியாக வந்தவரே பிரிட்டன் நாட்டு இளவரசி டயானா (1961–1997). எலைசாவை முதலாகக் கொண்டு எண்ணின் அவர் ஏழாம் தலைமுறையினர் ஆவார்.

தாயும் மகளும் கடல் கடந்து பிரிந்தனர். தாயின் மரபும் இருநூறு ஆண்டுகள் மறைந்து கிடந்தது. எனினும், அத்தாய் மகளுக்கு அளித்த ஒன்றை எவராலும் பறிக்க இயலவில்லை. முன்னோரைத் தேடுவோர் பெருமையை மட்டும் தேடுதல் தகாது. உண்மை எதுவாயினும் அதனை நாணாது ஏற்றலே நாம் அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.