மேலே ரோடு, அடியிலே மணல்



செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் நம்மில் பலர் போய் வருகிறோம். ஆகவே இந்த மாதப் பாடம், வெள்ளத்தில் போன ஒரு பாலத்தின் கதை.

திருச்சியில் ஸ்ரீரங்கம் பக்கம் கொள்ளிடத்தில் 1928-ல் இரும்புப் பாலம் கட்டினார்கள். ஏறக்குறைய 90 வருஷம் நின்றது. பழசாகிவிட்டதால் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, வண்டிகளை அதில் விட்டார்கள். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. பழைய பாலத்தின் தூண்கள் சரிந்து, ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. வண்டிகள் புதுப் பாலத்துக்கு மாறியிருந்ததால் பெரிய ஆபத்து தப்பியது.

வெள்ளத்தில் பாலம் எப்படி விழுகிறது? வேகமாக வரும் தண்ணீர் தூணில் மோதிச் சுழலும். அந்தச் சுழல் தூணடி மணலைத் தோண்டிக்கொண்டே போகும். பக்கத்தில் மணல் அள்ளினால் ஆற்றுத் தரையும் தாழ்ந்து, அஸ்திவாரம் வெளியே தெரியும். மேலே ரோடு நல்லாத்தான் இருக்கும்!

நம்ம பாலாறு பல மாதம் வெறும் மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் பெருக்கெடுத்து ஓடியதே!

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆறு வற்றியிருக்கும்போது தூணடியைக் கவனிப்போம். பள்ளமோ விரிசலோ இருந்தால் கிராம சபையில், மாநகராட்சிப் பகுதியில் பகுதி சபையில், எழுதிக் கொடுப்போம்.
2. பாலத்துக்குப் பக்கத்தில் மணல் அள்ளினால் அதிகாரிகளுக்குக் குழுவாகச் சேர்ந்து மனு கொடுப்போம்.
3. பாலத்தை மூடியிருந்தால், அவசரம் என்று குறுக்கே போக வேண்டாம்.

ஒரு தவணை தவறினாலும் குழுவில் கேட்கிறோம். நம்ம பிள்ளைகள் போகிற பாலத்தைப் பற்றிக் கேட்க வேண்டாமா?