நிரல் நூலகங்களின் பதிப்புப் பொருத்தம்

மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்பர். அம்மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியிலேயே தொகுக்க முயலும் மாணவர் பலர், நிரலிற் பிழை யாதும் இல்லாதிருக்கவும் தொகுப்பு இடையில் நின்றுவிடுவதைக் கண்டு திகைப்பர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

எந்நிரலும் தனித்து இயங்குவதன்று. பொதுவான வினைகள் பலவற்றைப் பிறர் ஆக்கிவைத்த நூலகங்களிடம் ஒப்படைத்தே இயங்கும். நூலகமோ காலந்தோறும் திருத்தம் பெற்றுப் புதிய பதிப்பெண்ணுடன் வெளிவரும். மூன்று உறுப்புடைய பதிப்பெண்ணில் ஈற்றெண் மாறின் வழு நீங்கியதென்றும், இடையெண் மாறின் பழைமைக்கு ஊறின்றிப் புதுவசதி சேர்ந்ததென்றும், முதலெண் மாறின் பழைய உடன்பாடு முறிந்ததென்றும் கொள்வது ஒரு வழக்கு. எல்லா நூலகங்களும் இவ்வழக்கைக் கடைப்பிடிப்பதில்லை.

நூலகம் இருகாலத்தில் வேண்டப்படும். தொகுக்குங்கால் அதன் தலைப்புக் கோப்புகளும், இயங்குங்கால் நூலகக் கோப்பும் வேண்டும். முன்னதிற் பொருத்தம் தவறின் தொகுப்பி மறுக்கும். பின்னதில் தவறின் தொகுத்த நிரல் தொடங்காது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையீட்டு நூலகம் இரண்டிற்கும் சான்றாகும். 2016இல் வெளிவந்த அதன் 1.1.0 பதிப்பு, நிரலாளர் முன்னர் நேரே கையாண்ட உள்ளமைப்புகள் பலவற்றை மறைத்துவிட்டது. மாறியது இடையெண்ணே, முறிந்ததோ உடன்பாடு. 1.0.2 பதிப்பை நோக்கி எழுதப்பட்ட மூலநிரல்கள் பல அதனால் தொகுபடாதொழிந்தன. பின்னர், 2022இல் வெளிவந்த உபுண்டு 22.04, 3.0 பதிப்பைக் கொண்டிருந்தது. உபுண்டு 20.04இல் 1.1 பதிப்போடு இணைத்த நிரலை அங்குக் கொண்டுசென்றால், வேண்டிய நூலகக் கோப்பு இல்லையென்று கூறித் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இனிப் பரிகாரம் காண்போம். முதற்கண், வழுச்செய்திகளுள் முதலாவதை ஊன்றிப் படித்தல் வேண்டும். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. தலைப்புக் கோப்பு காணப்படவில்லையெனின், டெபியன், உபுண்டு முதலியவற்றில் நூலகப் பெயரோடு ‘டெவ்’ என்னும் ஈறு பெற்ற பொதியை நிறுவுக. கோப்பு இருந்தும் வழு நீங்காதெனின், மூலநிரல் வேண்டும் பதிப்பையும், பிகேஜி கொன்பிக் என்னுங் கருவி காட்டும் பதிப்பையும் ஒப்புநோக்குக. அவை வேறுபடின், அம்மென்பொருளின் புதிய வெளியீட்டைத் தேடுதலே தலையாய வழி. அஃது இல்லையெனின், பழைய நூலகத்தைத் தனி அடைவில் நிறுவித் தொகுக்குங்காலும் இயக்குங்காலும் அவ்வடைவையே சுட்டுக.

செய்யத்தகாதனவும் உள. புதிய நூலகத்திற்குப் பழைய பெயரைச் சூட்டி நிரலை ஏமாற்றுதல் கூடாது. நிரல் தொடங்கினும் இடைநடுவில் வீழலாம். முறைமை முழுவதும் தங்கியிருக்கும் குனூ சி நூலகத்தைக் கையால் மாற்றுதல் கணினியையே முடக்கக்கூடும். பழைய பதிப்பையே நெடுங்காலம் நம்பியிருத்தலும் தீது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1.1.1இற்குப் பொதுவாக வழங்கிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செத்தெம்பரோடு நின்றுவிட்டன.

பதிப்பெண் என்பது ஆக்கியோன் பயன்படுத்துவோனுக்கு அளிக்கும் வாக்கு. அவ்வாக்கு எவ்வளவிற்று என்பதை ஆராய்ந்து தொகுப்பவனுக்குத் திகைப்பு இல்லை.