நீரிழிவுற்ற பூனையும் துணை உணவுகளும்

கோலார் தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பூதிகோட்டை வட்டாரத்தில் கேழ்வரகு பழமையான முதன்மை உணவாகும். இத்தகைய ஊர்களில் மக்கள் உண்ணும் களியும் பால்சோறுமே வீட்டுப் பூனைக்கும் கிடைக்கின்றன. ஓடியாடி எலி பிடித்துண்ணும் பூனைக்கு இதனால் பெருந்தீங்கு நேராதிருக்கலாம். ஆனால் வீட்டினுள் அடைந்து, உடல் பருத்து, நீரிழிவு கண்ட பூனைக்கு உணவே முதற் பிரச்சினையாகிறது. மனிதர் உண்ணும் வைட்டமின் மாத்திரைகளையும் மூலிகைகளையும் அதற்குக் கொடுக்கலாமா என்பது அடுத்த வினா.

நோயின் இயல்பு

கணையம் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலோ, அதற்கு உடல் இணங்காவிட்டாலோ இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. பூனைகளிடம் பெரும்பாலும் காண்பது மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்ததாகும். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்கு உண்டும் மெலிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நரம்புகள் தளர்ந்த பூனை, பின்னங்காலின் குதிப்பகுதி தரையிற் படும்படி நடக்கும். அச்சத்தாலும் பூனையின் இரத்தச் சர்க்கரை ஏறுமாதலின், ஒரே பரிசோதனையைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

உணவு

பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. மாப்பொருளை விரைந்து கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. ஆகவே புரதம் மிகுந்து, மாப்பொருள் குறைந்த உணவே தக்கது. டாரின் என்னும் அமினோ அமிலத்தைப் பூனை போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது; இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெறவேண்டும். இது குறைந்தால் இதயத் தசை நலிவுறும் என்பது 1987இல் தெளிவாயிற்று. டாரின் நீரிற் கரைவதால், இறைச்சி வெந்த நீரைக் கொட்டாமல் உணவோடு சேர்த்தல் நலம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. அவற்றை அறவே விலக்குக.

இன்சுலின் பெறும் பூனைக்கு மாப்பொருளைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். மருத்துவர் மருந்தின் அளவைத் திருத்திய பின்னரே உணவை மாற்றவேண்டும். பருத்த பூனையைப் பட்டினி போடுதலும் தகாது. அதனால் ஈரலிற் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

துணை உணவுகள்

வைட்டமின் பி12 குறைவு, குடல் அல்லது கணைய நோயுள்ள பூனைகளிடம் காணப்படுகிறது. குறைவு உறுதியானால் மருத்துவர் அதனைக் கொடுப்பார். குரோமியம், வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான் ஆகியவை பூனையின் நீரிழிவைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது ஆல்ஃபா லிப்போயிக் அமிலம். நீரிழிவால் நரம்பு தளர்ந்த மனிதருக்கென விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில், பி12இன் ஒரு வகையான மெத்தில்கோபாலமினுடன் இதுவும் சேர்ந்துள்ளது. பெயர்ச்சீட்டின் முதல் வரியை மட்டும் படிப்பவர், பி12 என்றெண்ணி இதனையும் கொடுத்துவிடக்கூடும். மனிதர், நாய், எலி ஆகியோரைவிடப் பூனைக்கு இது ஏறத்தாழ 10 மடங்கு நச்சு என்பதை 2004இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஈரலே முதலிற் கெடுகிறது. எனவே வீட்டில் ஒருவர் உண்ணும் மாத்திரையைப் பாதியாக்கிப் பூனைக்குக் கொடுத்தல் கொடிய பிழையாகும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

டொரான்டோவில் 1921இல் பாண்டிங்கும் பெஸ்டும் கண்ட இன்சுலினே இன்றும் இந்நோய்க்கு முதன்மை மருந்து. தொடக்கத்திலேயே இன்சுலினும் தக்க உணவும் பெற்ற பூனைகளிற் சில, பின்னர் ஊசியின்றியே வாழ்கின்றன. மூலிகையை நம்பிக் கழியும் வாரங்களில் இவ்வாய்ப்பு நழுவுகிறது. ஊசி பெறும் பூனை தள்ளாடினாலோ வலிப்புற்றாலோ, ஈறுகளிற் சிறிது தேன் தடவி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க.

வினாக்கள்

1. பூனைக்கு மாப்பொருள் ஏன் ஒவ்வாது?
2. இன்சுலின் பெறும் பூனையின் உணவைத் திடீரென மாற்றலாகாது, ஏன்?
3. நரம்புத் தளர்ச்சி மாத்திரையின் பெயர்ச்சீட்டில் எதனைத் தேடவேண்டும்?