படுக்கை உணரியும் வீட்டுத் தன்னியக்கமும்

ஓர் அறையினுள் ஆள் உளரா இலரா என்பதை நாம் எட்டிப் பார்த்த அளவில் அறிந்து கொள்ளுகின்றோம். யந்திரத்திற்கோ இச்சிறு விஷயம் பெரிதும் அரிதாயிருக்கின்றது. விளக்கு, விசிறி முதலியவற்றைக் கைபடாமலே ஏற்றவும் நிறுத்தவும் வல்ல தன்னியக்க முறையில், ஆளின் வரவை அறிதற்குப் பெரும்பாலும் சுவரில் பொருத்திய அசைவு உணரியே பயன்படுகின்றது. உடலினின்றும் வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை அது நோக்குகின்றது. ஆயினும் கதிரின் மாறுதலையே அறியுமன்றி, மாறாது நிற்கும் கதிரை அறியாது. நடப்பவனை அது காணும். அயர்ந்து உறங்குபவனைக் காணாது. ஆகவே பத்து மணிக்குப் படுத்தவர் பத்தரை மணிக்கு அறையில் இல்லாதவராகி விடுகின்றார். விசிறி நின்று விடுகின்றது. சித்திரை மாத இரவில் இங்ஙனம் நின்ற விசிறியின் கீழ்க் கண்விழித்தோர்க்கு இக்கட்டுரையின் பயனை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்குறையை நீக்க வந்ததே படுக்கை உணரி. கட்டிலில் ஆள் உண்டா என்னும் ஒரு கேள்வியே அதற்கு உரியது. விடை காணும் வழிகளோ பல. மெத்தையின் கீழ் விரிக்கும் அழுத்தப் பட்டை, அமுக்கத்தால் தன் மின்தடை குறையும் இயல்பினது, விலை மலிவு, ஆனால் படுத்தவர் சுவரோரமாகப் புரண்டுவிட்டால் ஏமாந்து போகும். 1880-ஆம் ஆண்டில் கியூரி சகோதரர் இருவரும் கண்டறிந்த பீஸோ மின்னியல்பைக் கொண்டு இயங்கும் பட்டை, இதயத் துடிப்பால் உடல் கொள்ளும் நுண்ணிய அதிர்வையும் உணரும். எனினும் அசையாத பாரத்தை அறியாது, எழுந்த மின்னூட்டம் சிறிது நேரத்திற்குள் கசிந்துவிடும் ஆதலின். ரேடார் உணரி மூச்சின் அசைவையும் காணும். விசிறிக் காற்றில் ஆடும் சன்னல் திரையையும் ஆளென்று கொள்ளும். யாம் கையாண்டது கட்டிற் கால்களின் கீழ் வைக்கும் எடையுணரி.

எடையுணரி என்றவுடன் ஏதோ புதுமை என்று மாணவர் மலைக்க வேண்டா. பௌதிக ஆய்வுக்கூடத்தில் மீட்டர் கம்பியையும் கால்வனாமீட்டரையும் வைத்துக்கொண்டு நாம் வியர்த்து நின்ற வீட்ஸ்டன் பாலமே அது. 1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி வெளியிட்ட இம்முறையை 1843-இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் பலரறியச் செய்தார்; பெயர் பின்னவர்க்கே சென்றது. நுண்ணிய கம்பியை உலோகத்தின்மேல் ஒட்டி, உலோகம் பாரத்தால் நீளும்பொழுது கம்பியும் உடன் நீண்டு அதன் மின்தடை மிகுமாறு அமைக்கும் உபாயத்தை, 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். எடை பார்க்க ஏறி நிற்கும் வீட்டுத் தராசின் நான்கு மூலைகளிலும் இருப்பவை இவ்வழி வந்தனவே. தலைக்கு 50 கிலோகிராம் தாங்கும் அத்தகைய நான்கினைக் கட்டிலின் நான்கு கால்களுக்கும் வைத்து ஒரே பாலமாக இணைத்தால், முழுப் பாரமும் ஒரே அளவாக வெளிப்படும். கட்டில், மெத்தை, படுப்பவர், அருகில் வந்து உட்காரும் பேரப்பிள்ளைகள் ஆகிய எல்லாம் கூடி 200 கிலோகிராமுக்குள் அடங்க வேண்டும். பழைய தேக்குக் கட்டில் உடையார் இதனைக் கருதுவாராக.

பாலத்தினின்றும் வருவது சில மில்லிவோல்ட்டே. அதனைப் பெருக்கி எண்ணாக்கித் தருவது எச்.எக்ஸ். 711 என்னும் சில்லு. அஃது 24 இருமத் தானங்களில், அதாவது 1,67,77,216 படிகளில், எண்ண வல்லது. இவ்வெண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. கடைசித் தானங்களில் இருப்பது வெறும் இரைச்சலே. அவ்வெண்ணை இ.எஸ்.பி. 32 என்னும் சிறு கணிப்பொறி வைஃபை வழியாக, வீட்டிலேயே ஓர் மூலையில் இயங்கும் ஹோம் அசிஸ்டண்ட் என்னும் நிரலுக்கு அனுப்புகின்றது. பவுலஸ் ஸ்கௌட்சன் என்பார் 2013-இல் தொடங்கிய அந்நிரல் எவரும் இலவசமாய்ப் பெறத்தக்கது. கட்டிலடியில் 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் யாதும் செல்லாதவாறு பார்த்துக் கொண்டோம்.

இனி இதனை யாம் அமைத்த இடத்தைக் கூறுவோம். எம் நண்பர் ஒருவரின் தந்தையார், எண்பது வயதை அடுத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தனியே வசிப்பவர். இரவில் இருமுறை எழும் வழக்கமுடைய அவர், சுவிட்சைத் தேடி இருளில் நடந்து ஒருநாள் வழுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. அதன் பின்னர் மூன்று காரியங்களை விரும்பினோம். அவர் எழுந்தவுடன் கழிவறை வரையில் தரையோர விளக்கு எரிதல் வேண்டும். அவர் படுத்திருக்கும் வரையில் விசிறி ஓடுதல் வேண்டும். எழுந்து சென்றவர் நெடுநேரம் திரும்பாவிடின் மகனுக்குச் செய்தி போதல் வேண்டும்.

கட்டிலும் மெத்தையும் சேர்ந்த பாரத்தைச் சுழியாக வைத்தோம். பெரியவரின் எடை 54 கிலோகிராம். முதலில் 25 என்பதை எல்லையாக வைத்து, அதற்கு மேல் ஆள் உண்டு, கீழ் இல்லை என்றோம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றியபொழுது பாரத்தில் ஒரு பகுதி தரைக்குச் சென்றுவிட்டது. அளவு 25-ஐச் சுற்றியே ஊசலாடிற்று. விளக்கும் கண் சிமிட்டிற்று. ஆகவே எல்லையை இரண்டாக்கினோம். 30-க்கு மேற்சென்றால் ஆள் வந்தார். 15-க்குக் கீழ் இறங்கினாலன்றிப் போகவில்லை. இடைப்பட்ட அளவில் முன்னிருந்த நிலையே தொடரும். நெடுநேரம் பாரம் தாங்கிய உலோகம் சிறிது சிறிதாக நெகிழ்வதாலும், வெப்பம் மாறுவதாலும் உண்டாகும் பிழைகள் இவ்விடைவெளியில் அடங்கிப் போயின.

எல்லையினும் அரியது காலம். எத்தனை நொடி பொறுத்து யந்திரம் நம்ப வேண்டும்? யாம் முதலில் மூன்று காரியங்களுக்கும் ஒரே பொறுமையை வைத்தது பேதைமை. விளக்குத் தவறாக எரிந்தால் யாதொரு கேடுமில்லை. எரியத் தாமதித்தால் கால் இடறும். எனவே அதற்கு ஒரு நொடி போதும். விசிறி தவறாக நின்றால் உறக்கம் கெடும். வீணே ஓடினால் சிறிது மின்சாரம் போகும். எனவே கட்டில் முப்பது நிமிடம் வெறுமையாய் இருந்த பின்னரே அது நிற்கும். செய்தியோ இரு பக்கமும் கூரியது. அடிக்கடி பொய்யாக வந்தால் மகன் அதனைப் பொருட்படுத்தாது விடுவார். மிகத் தாமதித்தால் விழுந்தவர் தரையிலேயே கிடப்பார். பெரியவரையே கேட்டு இருபது நிமிடம் என்று வைத்தோம்.

அவ்வளவு ஆராய்ந்தும் ஒரு பிழை செய்தோம். ‘ஆள் உண்டு’ என்ற சொல் வாராத பொழுதெல்லாம் கட்டில் வெறுமை என்று கொள்ளுமாறு விதியை எழுதிவிட்டோம். ஓர் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. நிரல் இயங்கும் கணிப்பொறிக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்கலத் துணை இருந்தது. கட்டிலடி உணரிக்கு இல்லை. உணரி வாய் மூடிற்று. இருபது நிமிடம் கழித்துச் செய்தி பறந்தது. மகன் அண்டை வீட்டாரை எழுப்ப, அவர்கள் கதவை இடிக்க, நன்றாய் உறங்கிக் கொண்டிருந்த பெரியவர் நடுங்கி எழுந்தார். இல்லை என்று ஒருவன் சொல்வதும், அவன் ஒன்றும் சொல்லாதிருப்பதும் வேறு வேறு. ஹோம் அசிஸ்டண்ட் இவ்வேறுபாட்டை அறியும்; உணரி பேசாத நிலையைத் தனியே குறிக்கின்றது. கருதாதவர் யாமே. இப்பொழுது 15-க்குக் குறைந்த எண் உண்மையாகவே வந்தாலன்றி அச்செய்தி போகாது. உணரி பேசாவிடின் அதனைக் கூறும் வேறு செய்தி உண்டு.

அவ்விரவே இன்னொரு குற்றமும் வெளிப்பட்டது. மின்சாரம் திரும்பியபொழுது, பெரியவர் மீண்டும் படுத்திருக்க, உணரி அப்போதிருந்த பாரத்தையே சுழியாக வைத்துக் கொண்டது. காலையில் அவர் எழுந்ததும் கட்டிலின் எடை கழித்தல் 54 என்று காட்டிற்று! சுழியை அழியாத நினைவகத்தில் எழுதி வைப்பதே இதற்குப் பரிகாரம்.

பெரியவர் எளிதில் இணங்கினாரல்லர். “நான் இரவில் எத்தனை முறை எழுகின்றேன் என்று பெங்களூரில் இருந்துகொண்டு நீ கணக்கெழுத வேண்டுமா?” என்று மகனைக் கேட்டார். அக்கேள்வி நியாயமானதே. உறங்குவதும் எழுவதும் அவருடைய சொந்தக் காரியம் அன்றோ? ஆகவே எண்கள் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. ஒரு நாளுக்கு மேல் வைக்கப்படுவதுமில்லை. மகனுக்குச் செல்வன மேற்கூறிய இரண்டு செய்திகளே. கணிப்பொறியை வீட்டிலேயே வைத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் கணிப்பொறிச் சேவை தடைப்பட்டபொழுது, இணையத்தை நம்பி வெப்பத்தை ஆளும் விலையுயர்ந்த மெத்தைகளை வாங்கியிருந்தோர் சிலர், தம் படுக்கையின் சூட்டையே மாற்ற மாட்டாமல் திகைத்தனர்.

இன்னும் தீராதது ஒன்று. புழுக்கம் மிகுந்த இரவுகளில் பெரியவர் கட்டிலை விட்டிறங்கித் தரையில் பாயை விரித்துப் படுத்துவிடுகின்றார். உணரி கட்டிலை அறியுமேயன்றி அவரை அறியாது. அதன்பொருட்டுத் தலைமாட்டில் ஒரு பொத்தானை வைத்து, பாயில் படுக்குமுன் அதனை அழுத்துமாறு வேண்டினோம். இரு முறை மறந்தார். மூன்றாம் முறை, அழுத்தினேன் என்று மகனுக்குத் தாமே தொலைபேசியில் கூறினார். அப்பொழுது இரவு மணி பன்னிரண்டு.