சுவரில் விளையும் சலவைக்கல்

வெற்றிலை போடும் பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய சுண்ணாம்பு டப்பாவை ஒரு முறை திறந்து பாருங்கள். நடுவில் இருக்கும் சுண்ணாம்பு வெண்ணெய்போல் குழைவாக இருக்கும். விளிம்பில் ஒட்டிக்கொண்டதோ கல்லாக இறுகிப் போயிருக்கும். அதைத் தண்ணீர் விட்டு எவ்வளவு தேய்த்தாலும் மீண்டும் வெண்ணெய் ஆவதில்லை. காய்ந்த களிமண் தண்ணீர் பட்டதும் மறுபடி சேறாகிறது. சுண்ணாம்பு ஏன் அவ்வாறு ஆவதில்லை? இந்தச் சிறிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரம் வரை போய் வருவோம், வாருங்கள்.

வெனிஸில் பழைய மாளிகைகளைக் காணச் செல்பவர்கள் சுவரைக் கண்டு ஏமாறுவதுண்டு. சலவைக்கல் பலகைகளைப் பதித்ததுபோல் சுவர் பளபளக்கும். ஆனால் பல இடங்களில் அது கல் அன்று. செங்கல் சுவரின்மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சுதான். இதற்கு 'மார்மொரீனோ' என்று பெயர். இத்தாலிய மொழியில் 'மார்மோ' என்றால் சலவைக்கல். இதைவிட மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றியதை 'ஸ்டுக்கோ லுஸ்ட்ரோ' என்பார்கள். உப்பங்கழியின் சேற்றில் மரக்கழிகளை நெருக்கமாக அடித்து, அவற்றின்மேல் எழுப்பிய நகரம் வெனிஸ். அங்கே கனமான கல்லைக் குறைத்து, செங்கல்லையும் பூச்சையும் நம்புவது புத்திசாலித்தனம். 16ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பல்லாடியோ, வெனிஸுக்கு அருகே பிரெண்டா கால்வாய்க் கரையில் கட்டிய ஃபோஸ்காரி மாளிகையின் பெரிய தூண்கள்கூடச் செங்கல்லால் ஆனவையே. பூச்சுதான் அவற்றைக் கற்றூண்களாகக் காட்டுகிறது.

இக்கலை ரோமானியர்களிடமிருந்து வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய விட்ருவியஸ், சுவருக்கு மணலும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு மூன்று, அதன்மேல் சலவைக்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு மூன்று என்று விதி சொல்கிறார். சுண்ணாம்பு பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க அவர் ஒரு சோதனையும் தருகிறார். இரும்புக் கருவியைச் சுண்ணாம்பில் விட்டு எடுக்க வேண்டும். இரும்பு ஒன்றும் ஒட்டாமல் சுத்தமாக வந்தால் சுண்ணாம்பு இன்னும் 'தாகத்துடன்' இருக்கிறது. பசைபோல் ஒட்டி வந்தால் பக்குவம். மூன்று ஆண்டுகள் ஊறாத சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய சட்டமே இருந்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். விட்ருவியஸின் நூல் 1556இல் பார்பரோ என்ற அறிஞரின் இத்தாலிய மொழிபெயர்ப்பாக வெனிஸில் அச்சாயிற்று. அதற்குப் படம் வரைந்தவர்களில் பல்லாடியோவும் ஒருவர்.

கல் தூளாகி மீண்டும் கல்லாவது

சுண்ணாம்புக் கல்லும் சலவைக்கல்லும் வேதியியலில் ஒன்றே. இரண்டும் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிராம் கல்லிலிருந்து 44 கிராம் வாயு போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு வெளியிடும் வெப்பத்தை வீணாக்காமல் பிடிக்க முடிந்தால், ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்! நம் 56 கிராம், 18 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. டப்பாவில் இருப்பது இதுதான்.

இந்த 74 கிராம் சுவருக்குப் போனபின், காளவாயில் இழந்த அதே 44 கிராம் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்று மறுபடி 100 கிராம் கல்லாகிவிடுகிறது. பூச்சு 'காய்வது' என்று நாம் சொல்வது வெறும் உலர்தல் அன்று, கல்லாதல். டப்பாவின் விளிம்பில் நடந்ததும் இதுவே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்குதான் கரியமில வாயு. ஒரு கன மீட்டர் காற்றில் அது முக்கால் கிராம் அளவே இருக்கும். ஆகவே 44 கிராமுக்கு ஏறத்தாழ 58 கன மீட்டர் காற்று வேண்டும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் ஏறக்குறைய முழுக் காற்றும் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புக்கே தேவைப்படுகிறது! பூச்சு வேலை நடக்கும் அறையில் காற்றோட்டம் ஏன் தேவை என்பது இப்போது புரிகிறதல்லவா?

மற்றொன்றும் உண்டு. வாயு பூச்சின் துளைகள் வழியே ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். இவ்வாறு ஊர்ந்து செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம் பிடிக்கும். ஆகையால்தான் ஒரே கனத்த பூச்சாக அப்பாமல் மெல்லிய பூச்சுகளாகத் தேய்க்கிறார்கள். துளைகளில் கொஞ்சம் ஈரமும் இருந்தாக வேண்டும். வாயு நீரில் கரைந்த பிறகுதான் வினை நடக்கிறது. முழுக்க நனைந்திருந்தாலோ வாயு நுழைய வழியில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தும், முதல் முறை செய்து பார்த்தபோது செங்கல்லை நனைக்க மறந்துவிட்டேன். கோடை வெயிலில் காய்ந்து கிடந்த செங்கல் பூச்சின் நீரையெல்லாம் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது. மறுநாள் பூச்சு மாவாக உதிர்ந்தது. கொத்தனார் எவரும் செய்யாத தவறு.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

முரடான அடிப்பூச்சின்மேல், ஊறிய சுண்ணாம்பையும் சலவைக்கல் தூளையும் குழைத்து எஃகுக் கரணையால் மெல்லியதாகத் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு பூச்சிலும் தூள் முந்தியதைவிட நயமாக இருக்கும். கடைசிப் பூச்சு இறுகத் தொடங்கி, ஆனால் ஈரம் முழுதும் போகாதிருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் கரணையைச் சாய்த்து அழுத்தி அழுத்தித் தேய்க்க வேண்டும். முந்தினால் குழையும், பிந்தினால் கீறும். நீற்றுச் சுண்ணாம்பின் படிகங்கள் மிக நுண்ணிய அறுகோணத் தட்டுகள். நாள்பட ஊறினால் அவை இன்னும் சிறியவை ஆகின்றன. கரணையின் அழுத்தத்தில் இத்தட்டுகள் சீட்டுக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, பரப்பு சமதளமாகிறது.

எவ்வளவு சமதளம் வேண்டும்? மேடு பள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் பரப்பு கண்ணாடிபோல் நடந்துகொள்ளும். அதாவது நேராக விழும் ஒளிக்குச் சுமார் 0.06 மைக்ரான், தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு! கைவேலையில் இது எல்லா இடத்திலும் கிட்டாது. ஆனால் ஒளி சாய்ந்து விழும்போது இயற்கை தாராளமாக நடந்துகொள்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து 80 பாகை சாய்வில் ஏறத்தாழ ஆறு மடங்கு மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொள்கிறது. மங்கலான நோட்டுப் புத்தக அட்டையைக் கண் மட்டத்தில் படுக்கை வாட்டில் பிடித்து ஜன்னல் பக்கம் பாருங்கள், அதுவும் மின்னும். நீண்ட கூடத்தின் கோடியில் ஜன்னல் இருந்தால் வெனிஸ் சுவர்கள் நீர்ப்பரப்புபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

பளபளப்பு மட்டும் என்றால் எனாமல் பூசிய தகரத்திலும் அது உண்டு. மார்மொரீனோவின் அழகு ஆழத்தில் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6. நேராக விழும் ஒளியில் 5 சதவீதம் அளவே மேற்பரப்பில் திரும்புகிறது. மீதி உள்ளே புகுந்து, அரைகுறையாக ஒளி ஊடுருவும் படிகங்களில் சிதறி, உள் பூச்சுகளின் நிறத்தையும் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் சுவருக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற உணர்வு நமக்கு உண்டாகிறது.

எந்த நிறத்தையும் கலந்துவிட முடியாது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவதை ஆரத்தித் தட்டில் கண்டிருக்கிறீர்கள். கடுமையான காரத்தில் பல தாவரச் சாயங்கள் நிலைப்பதில்லை. ஆகவே காவி முதலிய மண் நிறங்களைத்தான் சேர்ப்பார்கள். சியன்னா நகரின் பெயரைத் தாங்கிய பழுப்பு மண்ணும், வெரோனாப் பகுதியின் பச்சை மண்ணும் பேர்போனவை. இறுதியாகச் சோப்புக் கரைசலைத் தடவித் தேய்ப்பதும் உண்டு. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரிவது ஏன் என்று படித்திருப்பீர்கள். குளியலறையில் நமக்குத் தொல்லையான அதே கால்சியம் சோப்பு, இங்கே நீர் ஒட்டாத மெல்லிய படலமாகிறது.

சுவர் மூச்சுவிட வேண்டும்

வெனிஸின் செங்கல் சுவர்கள் உப்புநீரில் கால் வைத்து நிற்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றின் நுண்துளைகளில் நீர் ஏறுகிறது. ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளையில், கணக்குப்படி சுமார் 15 மீட்டர்வரை ஏறலாம்! நடுவழியில் ஆவியாகிவிடுவதால்தான் அவ்வளவு போவதில்லை. நீர் ஆவியானாலும் உப்பு தங்கிப் படிகமாகி, துளைச் சுவர்களை நெம்பிப் பிளக்கிறது. இதனால் அக்காலத்தவர் சுவரின் அடியில் நீர் எளிதில் புகாத இஸ்திரியா கல்லை வைத்தார்கள். அடிப்பூச்சில் செங்கல் தூளைச் சேர்த்தார்கள். இது நம் ஊர்ச் சுர்க்கிக்கு உடன்பிறப்பு. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான முட்டைப் பூச்சுச் சுவர்களும் இதே சுண்ணாம்பு வேதியியலில் பிறந்தவையே.

சுண்ணாம்புப் பூச்சு நீராவியை வெளியே விடும். நாளடைவில் உப்பு அந்தப் பூச்சைத்தான் அரிக்கும். பூச்சை மாற்றிக்கொள்ளலாம், சுவர் பிழைக்கும். அதே இடத்தில் நெருக்கமான சிமெண்டுப் பூச்சைத் தேய்த்தால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறும். அழிவு செங்கல்லுக்குள் நடக்கும். 1966 நவம்பர் 4 அன்று கடல் நீர் 194 செ.மீ. மட்டத்துக்கு உயர்ந்து நகரை மூழ்கடித்தது. அத்தகைய நகரத்தில் இது அழகு பற்றிய வாதம் அன்று. இன்று 'வெனிஸ் பூச்சு' என்று டப்பாக்களில் விற்பவற்றுள் சில, அக்ரிலிக் பிசினில் கல் தூளைக் கலந்தவை. அவை பெயின்ட்போல் உலரும்; கல்லாவதில்லை. விலை மலிவு, வேலை சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரமான பழஞ்சுவருக்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நீங்களே செய்து பார்க்க, சுட்ட சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். அது தோலைச் சுடும். கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பே போதும். அதுவும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கு ஆபத்து. ஆகவே ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து செய்யுங்கள். இரண்டு ஓடுகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவையுங்கள். சுண்ணாம்புடன் சம அளவு சலவைக்கல் தூளைக் குழைத்து மெல்லியதாகத் தேய்த்து, இறுகத் தொடங்கும்போது எஃகுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். ஒன்றை உடனே வெயிலில் வையுங்கள். மற்றதை நிழலில் வைத்து, ஒரு வாரம் தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பாருங்கள்.